நம்ம எம்.எல்.ஏ. யார், நடுத்தரக் குடும்பத்துக்கு அவர் என்ன செய்ய முடியும்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் இ-சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் ரொம்ப ஏழைகளும் இல்லை, வசதியானவர்களும் இல்லை. அரை ஏக்கர் ரப்பர், வளைகுடாவில் ஒரு மகன், நர்சிங் படிக்கும் மகள், தவணை முடியாத ஒரு வீடு என்று இருக்கும் குடும்பங்கள். விண்ணப்பம் ஏற்றி முடிப்பதற்குள் பேச்சு எம்.எல்.ஏ. பக்கம் போய்விடும். தேர்தல் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை.

எங்க வீடு எந்தத் தொகுதியில வருதுன்னே தெரியாதுக்கா. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். கன்னியாகுமரி 229, நாகர்கோவில் 230, குளச்சல் 231, பத்மநாபபுரம் 232, விளவங்கோடு 233, கிள்ளியூர் 234. தமிழ்நாட்டின் கடைசித் தொகுதி நம் கிள்ளியூர்தான். தாலுகாவும் ஆறுதான், ஆனால் அந்த எல்லை வேறு, தொகுதி எல்லை வேறு. தபால் முகவரியையோ தாலுகாவையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், தொகுதியின் எண்ணும் பெயரும் இருக்கும்.

வயதானவர்கள் சிலர் இன்னும் "திருவட்டார் தொகுதி" என்கிறார்கள். 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதி போய்விட்டது. நாகர்கோவில் மக்களவைத் தொகுதி என்பதும் அப்போதுதான் கன்னியாகுமரி என்று மாறியது.

எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர்னு மூணு பேர் இருக்காங்க. எதுக்கு யார்கிட்ட போகணும்?

தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை, வீட்டு வரி ரசீது எல்லாம் கவுன்சிலர் அல்லது பஞ்சாயத்துத் தலைவர். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. மற்ற ஊர்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று ஏதோ ஒன்று இருக்கும். பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி, டவுன் பஸ், ரேஷன், பட்டா, மின்வாரியம், மாநில நெடுஞ்சாலை இதெல்லாம் மாநில அரசு, அதனால் எம்.எல்.ஏ. ரயில், தேசிய நெடுஞ்சாலை, வருமான வரி, பி.எஃப்., பாஸ்போர்ட், வங்கியின் கல்விக் கடன் எல்லாம் ஒன்றிய அரசு, அதனால் எம்.பி.

கல்விக் கடனுக்காக எம்.எல்.ஏ. ஆபீஸில் கால்கடுக்க நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைத் தெரிந்துகொண்டு வங்கி மேலாளரிடம் பேசுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதிகாரி, அதன் பிறகு எம்.பி. அதுதான் சரியான வழி.

"நானும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைதான்"னு நோட்டீஸ்ல போட்டிருக்காரு. உண்மையான்னு எங்க பாக்கலாம்?

நோட்டீஸில் பார்க்க முடியாது, பிரமாணப் பத்திரத்தில் பார்க்கலாம். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற உறுதிமொழி கொடுத்தாக வேண்டும். 2002-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் வந்த உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். கடையில் கேட்டால் நானே எடுத்துத் தருவேன்.

முதலில் வருமான வரிக் கணக்கு. கடைசி ஐந்து வருடங்களுக்குக் காட்டிய வருமானம் வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்பவர்கள் என்று தனித்தனியாக இருக்கும். அடுத்து அசையாச் சொத்து. சர்வே எண், பரம்பரைச் சொத்தா தானே வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு எல்லாம் போட்டிருக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும். வளைகுடா தொடர்பு நிறைந்த நம் மாவட்டத்தில் அந்தப் பகுதியைத் தவறாமல் படியுங்கள்.

நான் முதலில் திருப்பிப் பார்ப்பது கடன் பகுதியை. வீட்டுக்கடன், நகைக்கடன், கல்விக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் அங்கே வந்துவிடும். மகளின் படிப்புக்குக் கடன் வாங்கி, நகையையும் அடகு வைத்த ஒருவர் "நடுத்தரக் குடும்பம்" என்று சொன்னால் நம்பலாம். தொழில், வருமானம் வரும் வழி என்ற கட்டங்களும் உண்டு. அங்கே "சமூக சேவை" என்று மட்டும் எழுதி, எதிரே பல கோடி சொத்து இருந்தால் கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

அஞ்சு வருஷத்துல சொத்து மூணு மடங்கு ஆகியிருக்கே, அப்போ அடிச்சு மாத்திட்டாருன்னு தானே அர்த்தம்?

அப்படி உடனே சொல்லிவிட முடியாது. தோவாளையிலோ வில்லுக்குறியிலோ நாற்கரச் சாலை பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் இருந்தால் ஒன்றும் செய்யாமலேயே மதிப்பு ஏறியிருக்கும். பழைய தேர்தலின் பிரமாணப் பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே சர்வே எண்கள் என்றால் நிலவிலை ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். புதிய சர்வே எண்கள் வந்திருந்து, மேலே சொன்ன வரிக் கணக்கு வருமானம் அதற்குக் கிட்டவே வரவில்லை என்றால், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கேஸ் இருக்குன்னு போட்டிருக்கு. அப்படிப்பட்டவருக்கு எப்படி ஓட்டு போடுறது?

என்ன கேஸ் என்று பிரிவைப் பாருங்கள். சாலை மறியல், அனுமதி இல்லாமல் கூடியது என்று ஓடும் வழக்கும், நிதி நிறுவன மோசடி வழக்கும் ஒன்றல்ல. வழக்கு இருப்பதாலேயே பதவி போகாது. பொதுவாக, இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால்தான் போகும், தண்டனை முடிந்தும் ஆறு வருடம் போட்டியிட முடியாது. மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என்றிருந்த பழைய சலுகையை 2013-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2019-ல் ஓசூர் உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்தவர் ஒரு பழைய போராட்ட வழக்கில் மூன்று வருடத் தண்டனை பெற்றுப் பதவி இழந்தார்.

பணக்காரருக்கு நம்ம கஷ்டம் தெரியுமா? ஏழை வீட்டுல பிறந்தவரத்தானே அனுப்பணும்?

நம் மண்ணில் இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. பூதப்பாண்டியில் 1907-ல் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, 1952-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர். பதவிக்கு அப்புறமும் தாம்பரத்தில் குடிசையில்தான் இருந்தார். காமராஜர் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் நின்று ஜெயித்தார். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தும் சொத்து சேர்க்காதவர். அவர்களைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி நம்மிடம் அதிகமாகவே வருகிறது.

ஆனாலும் இவர்களை நாம் நினைவில் வைத்திருப்பது பிறந்த வீட்டுக்காக மட்டும் இல்லையே, அவர்கள் செய்த வேலைக்காகத்தான். எங்கே பிறந்தார் என்பது தொடக்கம். பதவியில் இருந்த வருடங்களில் எதற்காக வாய் திறந்தார் என்று பாருங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

நடுத்தரக் குடும்பம்னு சொல்றீங்களே, அதுக்குக் கணக்கு என்ன?

சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வருமான வரம்பு இருக்கிறது, அதற்கு மேலே போனவர்கள் எல்லாம் வெளியே. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வரம்பு 2,50,000. அதோடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், சொந்தக் கார், வருமான வரி இதில் ஏதாவது இருந்தாலும் கிடையாது என்று அறிவித்தார்கள்.

போன வருடம் வேர்கிளம்பிப் பக்கமிருந்து ஒரு அண்ணன் வந்தார். தனியார் கடையில் கணக்கு எழுதுகிறார், மாதம் 11,000 ரூபாய். ஆண்டுக்கு 1,32,000. காப்பீட்டு வரம்பைத் தாண்டி வெறும் 12,000 ரூபாய். மனைவிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று சீட்டோடு வந்திருந்தார். கால்குலேட்டரை வாங்கி மூன்று முறை தானே பெருக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே எண்தான் வந்தது. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் நடுத்தரக் குடும்பம் என்று சொல்வது இவரைத்தான். இவருக்காகப் பேசுகிற எம்.எல்.ஏ. யாரென்றுதான் நான் தேடுகிறேன்.

எம்.எல்.ஏ. லெட்டர் தந்தா வருமானத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுத் தருவாங்களா?

மாட்டார்கள், அதைக் கேட்கவும் கூடாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகிற சான்றிதழ் அது. பொய் என்று தெரிந்தால் ரத்து செய்வார்கள், சலுகையும் போகும், கையெழுத்துப் போட்ட அலுவலரும் மாட்டுவார்.

வருமான வரம்பே இல்லாத சலுகைகளை முதலில் தேடுங்கள். வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கலாம், பொறியியல் போன்ற படிப்புகளில் கட்டணச் சலுகை உண்டு. 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கும் வருமானம் கேட்பதில்லை. ஆதார் போதும். அந்த வேர்கிளம்பி அண்ணனின் அம்மாவுக்கு இதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். மனைவிக்கு வழி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான்.

எய்டட் ஸ்கூல்ல படிச்ச எம் பிள்ளைக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடையாதுங்காங்க. கவர்மெண்ட் பாடம்தானே படிச்சா?

வேறு மாவட்டங்களைவிட இந்தக் கேள்வி நமக்குத்தான் அதிகம் உறைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்ததிலிருந்து மிஷன் பள்ளிகள் ஊருக்கு ஊர் எழும்பின. அப்புறம் மற்றச் சமுதாயங்களும் தங்கள் பங்குக்குக் கட்டின. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடத்தில் நாம் நின்றதற்கு இந்தப் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. பல ஊர்களில் பக்கத்துப் பள்ளி என்றாலே அரசு உதவிபெறும் பள்ளிதான். கூலி வேலைக்காரர் பிள்ளையும் கிளார்க் பிள்ளையும் ஒரே பெஞ்சில் படிக்கிற இடம்.

2020-ல் மருத்துவப் படிப்புக்கும் 2021-ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் சட்டமாக்கியது. அது அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு. எய்டட் பள்ளிப் பிள்ளைகள் அதில் இல்லை. சென்னைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது சின்ன விடுபடல். மார்த்தாண்டத்திலிருந்து பார்த்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள்.

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். 2024-25-ல் எய்டட் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் விரித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எய்டட் தமிழ்வழிப் பையன்கள் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட்டார்கள். காலை உணவும் 2024-ல் கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கு வந்தது. வரம்பு ஒன்றும் கல்லில் வெட்டியது இல்லை. ஆறு எம்.எல்.ஏ.க்களும் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்க வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் கருத்து. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்: "எய்டட் பிள்ளைகளுக்காகச் சட்டசபையில் பேசுவீர்களா?"

தொகுதி நிதி கோடிக்கணக்கில வருதே, அதுல பிள்ளைக்கு ஃபீஸ் கட்டித்தர மாட்டாரா?

தர முடியாது. தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் கைக்கே வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக வேலை நடக்கும். வகுப்பறை, சாலை, பாலம், நூலகம், பயணியர் நிழற்குடை மாதிரிப் பொதுவான வேலைகளுக்குத்தான். தனி ஆளுக்குப் பணமாகக் கொடுக்க விதி இல்லை.

தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 120 ரூபாய். இதை வைத்து ஒரு எம்.எல்.ஏ.வை மதிப்பிடாதீர்கள். அவருடைய உண்மையான பலம் சட்டசபையில், துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில், அமைச்சரிடம் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. மேலே சொன்ன 1,20,000 வரம்பை உயர்த்தினால் அது மாநிலம் முழுக்க எத்தனை குடும்பங்களுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எம்.எல்.ஏ. சம்பளம் எவ்வளவு?

2018-ல் நிறைவேறிய சட்டத்தால், 2017 ஜூலை முதல் கணக்கிட்டு, மாதம் 1,05,000 ரூபாய் என்று ஆனது. அடிப்படைச் சம்பளம் 30,000, மீதி படிகள்.

சட்டசபையில என்ன பேசினாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? டிவியில கத்துறதுதான் தெரியுது.

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் சட்டமன்றத்தின் இணையதளத்தில் ஏறுகின்றன. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாகவும் வருகிறது. உங்கள் உறுப்பினர் பெயரைத் தேடி மூன்று விஷயம் பாருங்கள்: என்ன கேள்வி கேட்டார், அவசரப் பிரச்சினையை அமைச்சர் முன் வைக்கிற கவன ஈர்ப்பு கொண்டுவந்தாரா, மானியக் கோரிக்கையில் எந்தத் துறையில் பேசினார். நேரத்தில் பாதி தலைவர் புகழாகவே போயிருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்டதற்கு அமைச்சர் "பரிசீலிக்கப்படும்" என்றாரா, "செய்யப்படும்" என்றாரா என்றும் பாருங்கள். செய்யப்படும் என்று அவையில் சொன்னால் அது உறுதிமொழி. அதைத் துரத்திப் பிடிக்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனுக்கள் குழு என்றும் ஒன்று உண்டு. அது மாவட்டத்துக்கு வரும்போது பொதுமக்களே நேரடியாக மனு கொடுக்கலாம். பத்திரிகையில் அறிவிப்பு வரும், கவனித்துக்கொள்ளுங்கள்.

ஜெயிச்சு வந்துட்டு வேற கட்சிக்குப் போயிட்டா நம்ம ஓட்டு என்ன ஆகும்?

பதவியில் இருந்துகொண்டே கட்சியை விட்டுவிட்டால் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் பதவி போகலாம். அதை முடிவு செய்கிறவர் சபாநாயகர், காலம் இழுக்கும். பதவியை ராஜினாமா செய்துவிட்டுப் போனால் இடைத்தேர்தல். விளவங்கோட்டில் 2024 பிப்ரவரியில் இப்படித்தான் உறுப்பினர் பதவி விலகி வேறு கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்து அங்கே இடைத்தேர்தல் நடந்தது.

எம்.எல்.ஏ. ஆபீஸ்ல மனு கொடுத்து ஆறு மாசமாச்சு. ஒண்ணும் நடக்கல. இனி என்ன?

முதலில் என்ன மனு கொடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டும். என்னிடம் வருகிற மனுக்களில் பாதி "எங்கள் குடும்பக் கஷ்டத்தைத் தீர்த்து வைக்குமாறு" என்று முடியும். அதைப் படித்து எந்த அதிகாரிக்கு அனுப்புவது? ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. எந்தத் துறை, என்ன விண்ணப்ப எண், எந்தத் தேதி, எங்கே நிற்கிறது என்று நாலே வரி. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே மனுவை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள், பதிவு எண் தருவார்கள். அப்புறமும் அசையவில்லை என்றால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு எந்த அலுவலரிடம் உள்ளது" என்று அந்தத் துறையிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு எம்.எல்.ஏ.வை மறுபடி பாருங்கள். கோப்பு இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் அவர் போனில் பேசுவதற்கும் ஆள் இருக்கும்.

நான் அவருக்கு ஓட்டே போடலக்கா. எங்க வார்டு முழுக்க எதிர்க்கட்சி. அங்க போய் நின்னா மதிப்பாரா?

உங்கள் ஓட்டு யாருக்கு என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. ஆனால் வாக்குச்சாவடி வாரியாக எவ்வளவு விழுந்தது என்பது படிவம் 20-ல் வெளியாகிறது. அதனால் உங்கள் வார்டு எந்தப் பக்கம் என்பது அவர் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படி ஒரு வார்டுப் பெண்கள் என்னிடம் வந்து மனு எழுதினார்கள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஊருக்குப் பஸ் இல்லை, டியூஷன் முடித்து வரும் பெண் பிள்ளைகள் இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்கிறார்கள் என்று. கட்சிக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைகளின் பள்ளி, நடக்கிற தூரம், கடைசி பஸ்ஸின் நேரம், பதினேழு தாய்மாரின் கையெழுத்து, மேலே தொகுதியின் பெயரும் எண்ணும். அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது. போய்க் கொடுத்தார்கள். உதவியாளர் வாங்கிப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "இந்த வழியில் காலையில் எத்தனை நடை ஓடுது?" எந்த பூத் என்று கேட்கவில்லை. பஸ் வர நாலு மாதமானது. இப்போது ஏழே காலுக்கு ஒரு நடை போகிறது.